பெயர் கூறாத அறிவிப்பாளன்: ‘காச்சர் கோச்சர்’ நாவலைப் பற்றி

குற்றக் கதைகள் நம் இல்லங்களுக்குள் வரலாமா என்னும் வினா நெடுநாளாகவே இருந்து வருகிறது. வரக்கூடாது என்று ஒரேயடியாகக் கூறுவோர்க்கு நாம் நினைவூட்ட விரும்புவது ஒன்றுண்டு. கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழ் முஸ்லிம்களின் முதல் நாவல் என்று போற்றப்படுகிறது. அந்நூலே குழந்தைக் கடத்தலையும் சூழ்ச்சிகளையும் கொண்டு நடப்பதுதான். ஆயினும் அங்கே நல்லவன் நல்லவனாகவும் தீயவன் தீயவனாகவும் முதற்பக்கத்திலிருந்தே நமக்கு அடையாளம் தெரிகிறார்கள். யாரை நேசிப்பது, யாரை வெறுப்பது என்பதில் வாசகருக்கு ஐயமே எழாது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட நாவலோ அப்படிப்பட்டதன்று. இதில் நேசிக்கத்தக்கவர் எனச் சுட்ட ஏறத்தாழ ஒருவருமில்லை; கதையைச் சொல்பவனையும் நம்ப வழியில்லை; குற்றம் நடந்ததா என்பதே கடைசி வரியில்தான் ஐயமாக எழுகிறது. இத்தகைய நூலைப் படிப்பதற்கு வேண்டிய கருவி நம் மதரஸாக்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தீட்டப்பட்டு வந்திருக்கிறது என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

நூல் ‘காச்சர் கோச்சர்’. கன்னட எழுத்தாளர் விவேக் சான்பாக் 2013இல் எழுதியது. ‘தேச கால’ என்னும் இலக்கிய இதழை நடத்தியவர் இவர். சிறீநாத் பேரூர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வெளிவந்த பின்னர்க் கடல் கடந்தும் இதன் பெயர் பரவிற்று. தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்துள்ளார். நூறு பக்கங்களைச் சற்றே தாண்டும் சிறு நூல். ஒரே அமர்வில் படித்துவிடலாம். முடிவைச் சொல்லாமல் இந்நூலைப் பற்றிப் பேச இயலாது. ஆகவே முடிவறியாது படிக்க விரும்புவோர் முதலில் நூலைப் படித்துவிட்டுப் பின்னர் இப்பக்கத்துக்கு வருவார்களாக.

பெங்களூரில் ஒரு பழைய காப்பிக் கடை. அங்கே நாள்தோறும் வந்து அமர்ந்திருக்கும் ஒருவன் தன் குடும்பக் கதையைச் சொல்கிறான். தந்தை தேயிலை நிறுவனமொன்றின் விற்பனையாளராக இருந்தவர். சிறிய வீடு, எறும்புகள் மொய்க்கும் வீடு. கணக்கில் காசு குறைந்தால் குடும்பமே சுற்றி அமர்ந்து தேடும் வறுமை. தந்தை வேலையை இழந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த ஓய்வுப் பணத்தை முதலாகக் கொண்டு சிற்றப்பன் வேங்கடாசலம் ‘சோனா மசாலா’ என்னும் தொழிலைத் தொடங்குகிறான். மசாலைப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் தொழில். பணம் கொட்டுகிறது, பெரிய வீடு வருகிறது. கதை சொல்பவன் அந்நிறுவனத்தில் பெயரளவுக்கு ஓர் இயக்குநர். அவன் வேலை எதுவும் செய்வதில்லை, சம்பளம் மட்டும் வந்துவிடுகிறது. ஐதராபாத்திலிருந்து மனைவியாக வரும் அனிதா, கணவன் உழைக்காமல் உண்பவன் என்பதை அறிந்து கூசுகிறாள். அதைச் சொல்லவும் செய்கிறாள். நூலின் பெயர் அவளுடைய பிறந்தகத்துச் சொல். அவிழ்க்க முடியாதபடி சிக்கிப் போன நூலுக்குப் பிள்ளைப் பருவத்தில் அவள் வீட்டார் இட்ட பெயர்; எந்த அகராதியிலும் இல்லாதது. (இச்சொல் வரும் இடத்தில் புதுமணத் தம்பதியரைப் பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. இளம்பிள்ளைகள் கையில் நூலைக் கொடுக்குமுன் பெற்றோர் அதைப் பார்த்துக்கொள்வது நலம்.)

அனிதா பிறந்தகம் போயிருக்கும் நாட்களில் வீட்டார் கூடியிருந்து, கொலைகள் எவ்வளவு எளிதாக நடந்தேறிவிடுகின்றன என்று பேசிச் சிரிக்கிறார்கள். பிறகு கதை சொல்பவன் காப்பிக் கடையில் அமர்ந்திருக்கிறான். மனைவியிடமிருந்து செய்தியில்லை. கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் உடைகிறது. பரிமாறும் வின்சென்ட், கையில் இரத்தம் இருப்பதைச் சொல்லிக் கழுவிக்கொள்ளச் சொல்கிறார். நூல் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது.

பல திறனாய்வாளர்கள் இந்நூலைப் பணத்தால் கெட்ட குடும்பத்தின் கதை என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறன்று. பணம் வந்து மனிதர் கெடுவதைச் சொல்லும் நாவல்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. இந்நூல் தனித்து நிற்பது அதனாலன்று. கதை சொல்பவன் எப்படிப்பட்டவன் என்னும் ஒரே கேள்வியில்தான் இதன் உயிர் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஹதீஸ் கலை பயின்ற எவரும் முதல் பக்கத்திலேயே கேட்டிருப்பர். ஒரு செய்தி நம்மிடம் வந்தால் செய்தியைப் பார்க்குமுன் கொண்டுவந்தவனைப் பார் என்பது அக்கலையின் முதற்பாடம். அறிவிப்பாளரை ‘ராவி’ என்போம். அவருடைய நேர்மை எத்தகையது, நினைவாற்றல் எத்தகையது என எடைபோடும் கலைக்கு ‘ஜர்ஹு தஅதீல்’ என்று பெயர். ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ என்னும் நூலில் ராவிகளைப் பன்னிரண்டு படித்தரங்களாக வகுத்திருப்பதை ஓதியோர் அறிவர்.

அந்தத் தராசில் இந்நாவலின் ராவியை நிறுத்திப் பார்ப்போம். முதலில் அவன் பெயர் என்ன? நூல் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. தந்தை, தாய், தமக்கை மாலதி, சிற்றப்பன், மனைவி, காப்பிக் கடைப் பணியாளர் என்று அனைவரையும் நமக்கு அறிமுகப்படுத்துகிறான். தன் பெயரை மட்டும் கூறான். இத்தகைய அறிவிப்பாளனுக்கு நம் உலமாக்கள் இட்ட பெயர் ‘மஜ்ஹூல்’ என்பதாகும். அறியப்படாதவன் என்பது பொருள். மஜ்ஹூலைப் பொய்யன் என்று அவர்கள் சொல்லிவிடவில்லை. அவன் அறிவிப்பின்மீது தீர்ப்பெழுத அவசரப்படவுமில்லை. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நாமும் அவ்வாறே செய்வோம்.

அடுத்தது, இவன் பொய் சொல்கிறானா? இதில்தான் நூலின் நுட்பம் இருக்கிறது. எம் கணிப்பில் இவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எறும்புகளைப் பற்றியும், பழைய வீட்டைப் பற்றியும், தந்தையின் கணக்கைப் பற்றியும் அவன் கூறுவன யாவும் நம்பத்தக்கவை, கேட்க இனியவையுங்கூட. அவன் செய்வது வேறொன்று. அதற்கும் நம்மிடம் சொல் உண்டு: ‘தத்லீஸ்’. தாம் நேரில் கேளாததை நேரில் கேட்டதுபோன்ற தோற்றம் வருமாறு, இரு பொருள் தரும் சொல்லால் அறிவித்துவிட்டு இடையிலுள்ள முறிவை மறைப்பது தத்லீஸ்; அதைச் செய்பவர் ‘முதல்லிஸ்’. அவர் சொன்ன சொல்லைப் பிடித்துப் பார்த்தால் பொய்யிராது. சொல்லாது விட்டதில்தான் வினை இருக்கும். இருளைக் குறிக்கும் வேரிலிருந்து இச்சொல்லைக் கொள்வர். ஹதீஸ் பேரறிஞர் ஷுஅபா (ரஹ்) அவர்கள் இதனைப் பொய்க்கு உறவாகவே கருதிக் கடிந்தார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களோ முதல்லிஸ்களுக்கென்றே தனி நூல் செய்து, அவர்களை ஐந்து தரங்களாகப் பிரித்தார்கள்.

ஆங்கில நாவல் படித்தோர் இவ்விடத்தில் அகதா கிறிஸ்டியின் நினைவுக்கு வருவர். 1926இல் வெளிவந்த ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ என்னும் நாவலில் கதையை எழுதும் மருத்துவர் ஷெப்பர்டே கொலையாளி என்பது இறுதியில் வெளிப்படுகிறது. ஆசிரியர் வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று அக்காலத்தில் சிலர் பூசலிட்டனர். உண்மையில் அந்த மருத்துவரும் பொய்யெழுதவில்லை. கொலை நடந்த இரவில் ஒரு பத்து நிமிடத்தை மட்டும் பொதுவான ஒரு சொல்லால் கடந்து போய்விடுகிறார். வாசகரும் அவருடனேயே கடந்துவிடுகிறோம். முழுத் தத்லீஸ்! ஆனால் அந்நாவலில் அது ஒரு கணக்குப் புதிர். புதிர் அவிழ்ந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உறங்கப் போகலாம். சான்பாக்கின் ராவி மறைப்பது பத்து நிமிடத்தையன்று. தன் வாழ்நாள் முழுவதையும் மறைக்கிறான்.

வணிகத்திலும் தத்லீஸ் என்னும் சொல் உண்டு என்பதை ஃபிக்ஹு ஓதியவர்கள் அறிவர். பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, கறவை மாடு நிறையப் பால் தருவதாகக் காட்டி விற்பது அதற்கு எடுத்துக்காட்டு. நம் திருப்பாலைக்குடிக் கரையிலோ வேறெந்தக் கரையிலோ மீன் வாங்கப் போகும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கூடையின் மேலே கண் தெளிந்த புதுமீன் கிடக்கும், அடியில் நேற்றையது. வாங்கத் தெரிந்தவர் மேலே பார்ப்பதோடு நிற்பதில்லை, கையை அடிவரை விட்டுப் பார்ப்பார். நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்துப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், அதை மேலே போட்டு மக்கள் காண வைத்திருக்க வேண்டாவா என்று வணிகரைக் கடிந்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி.

இந்நாவலுக்குள் கையை விட்டால் எங்கெங்கே ஈரம் தட்டுகிறது? முதலில் சித்ரா. திருமணத்துக்குமுன் அவன் பழகிய பெண். துன்புறும் மகளிருக்கு உதவும் அமைப்பொன்றில் பணி செய்பவள். அற்பக் காரணத்துக்காக மனைவியரைக் கொடுமை செய்யும் ஆடவரின் கதைகளை அவள் இவனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்கக் கேட்க இவனுக்குத் தானே குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் கூச்சம். ஒருநாள் காரணம் எதுவும் கூறாமல் அவளைச் சந்திப்பதை நிறுத்திக்கொள்கிறான். இதை அவன் நமக்குப் போகிறபோக்கில் சொல்கிறான். நாமும் போகிறபோக்கில் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அடுத்தது எறும்புகள். பழைய வீட்டில் தாயும் மக்களும் எறும்புகளை நசுக்குவதில் மெல்ல மெல்ல ஒரு சுவை காணத் தொடங்குவதை வேடிக்கைபோல் வருணிக்கிறான். பிறகு மாலதி. கணவனை விட்டு வந்தவள், சிற்றப்பனுக்குப் பழக்கமான முரட்டு ஆட்களைத் துணைக்கொண்டு போய் நகைகளை எடுத்து வருகிறாள். அந்த முரட்டு ஆட்களுக்கும் மசாலை வணிகத்துக்கும் என்ன தொடர்பு? அவன் கேட்கவில்லை, கேட்காததையே ஒரு நற்குணம்போல் நமக்குக் காட்டுகிறான்.

எல்லாவற்றினும் பெரிய ஈரம் வாசலில் இருக்கிறது. ஒருநாள் ஒரு பெண் அவ்வீட்டுக்கு வருகிறாள். சிற்றப்பனைக் காண வேண்டும் என்கிறாள். அவனுக்குப் பிடிக்குமென்று மசூர்ப் பருப்புக் குழம்பு சமைத்துப் பாத்திரத்தில் கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதை அக்குழம்பே சொல்லிவிடுகிறது. அவனோ உள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை. வீட்டின் தாயும் மகளும் வாசலில் நின்று, கேட்கக் கூசும் சொற்களால் அவளை ஏசி விரட்டுகிறார்கள். பாத்திரம் விழுந்து குழம்பு மண்ணில் சிந்துகிறது. வந்தவள் போய்விடுகிறாள். அனிதா மட்டும் இதைப் பொறுக்கமாட்டாமல், அந்தப் பெண் செய்த பிழை என்ன என்று கேட்கிறாள். கதை சொல்பவன் அங்கேயே நிற்கிறான். எல்லாவற்றையும் பார்க்கிறான். பின்னர் நமக்கு வெகு நேர்த்தியாக எடுத்துரைக்கிறான்.

குற்ற நாவல் படிப்போர் பலரும் பிணத்தைத் தேடிக்கொண்டே போவார்கள். இந்நாவலில் பிணமில்லை. ஆனால் குற்றம் இந்த வாசலிலேயே நடந்து முடிந்துவிட்டது என்பது எம் கருத்து. பின்னால் அனிதாவுக்கு நேர்ந்ததோ நேராததோ, அதற்கு வேண்டிய எல்லாம் இங்கே ஆயத்தமாக இருக்கின்றன: பணத்தைக் காக்க எதுவும் செய்யலாம் என்னும் தாயும் மகளும், தன் வினைக்குத் தான் முகங்கொடுக்காத சிற்றப்பன், உடன்பாடில்லாமலும் வாய் திறக்காத தந்தை, பார்த்துக்கொண்டு நிற்கும் மகன். மற்ற குற்றக் கதைகள் கொலையாளியை மறைக்கும். சான்பாக் கொலையாளியையும் சாட்சியையும் வீட்டு நடுக்கூடத்திலேயே அமர்த்திவிட்டு, குற்றத்தை மறைத்திருக்கிறார்.

நம் வாசகக் குடும்பங்கள் இந்நூலைப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இந்தக் குடும்ப அமைப்பே. தேவிப்பட்டினம் முதல் தொண்டி வரையிலான இக்கரையில், வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஒருவர் உழைக்க, அவர் அனுப்பும் பணத்தில் பத்துப் பேர் உண்ணும் இல்லங்கள் எத்தனையோ. அந்த ஒருவர் வாப்பாவாக இருக்கலாம், சாச்சாவாக இருக்கலாம், மூத்த காக்காவாகவும் இருக்கலாம். அவருடைய உழைப்பு மதிக்கத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஊர் வந்திருக்கும் இரண்டு மாதத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்ல வீட்டில் யாருக்கும் நா எழாது. ஈட்டுபவரின் குறையை ஈட்டாதவர் கண்டும் காணாதிருப்பதே அடக்கம் எனப்படும். புதிதாக வந்த மருமகள் வாயைத் திறந்தால் அவள் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள். சான்பாக் இதை ஒரு கன்னட இந்துக் குடும்பத்தின் கதையாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது நம் தெருவின் திண்ணைகள் கண்முன் வருவதை நம்மால் தடுக்க இயலவில்லை. சிற்றப்பனை வீட்டார் எப்படிப் பேணுகிறார்கள், அவன் உண்ணும் நேரத்துக்கும் உறங்கும் நேரத்துக்கும் வீடு எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதைக் கூறும் பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள். அவற்றிலே கேலி இருக்கிறது. கேலிக்கு அடியில் அச்சம் இருக்கிறது.

தந்தையின் பாத்திரம் இன்னும் விரிந்திருக்கலாம் என்பது எம் குறை. தொழிலின் முதல் அவருடையது. சட்டப்படி பங்குதாரரும் அவரே. தம் பங்கை அறத்துக்கு எழுதிவைத்துவிடுவாரோ என்று வீட்டார் அவரைக் கண்டு உள்ளூர நடுங்குகிறார்கள். நேர்மையாய் வாழ்ந்தவர், நேர்மையற்ற செல்வத்தினுள் பேசாமல் இருப்பது ஏன்? ஒரு பெரிய நாவலுக்குரிய கேள்வி அது. இச்சிறு நூலில் தொட்டதோடு நின்றுவிடுகிறது. வின்சென்ட் என்னும் பணியாளரும் தேவைப்பட்ட போதெல்லாம் தேவைப்பட்ட சொல்லோடு வந்து நிற்பது சற்றே செய்துவைத்ததுபோல் தோன்றுகிறது. ஞானிபோல் பேசும் பணியாளரைக் கதைகளில் நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

நல்லவரே இல்லாத நூலால் என்ன பயன் என்று சிலர் கேட்பர். அவர்களை ஹரீரியின் ‘மகாமாத்’திடம் அனுப்புவோம். ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்த ஹரீரி (ரஹ்) அவர்களின் அந்நூலைப் பல தலைமுறை மதரஸா மாணவர்கள் அரபு மொழிவளத்துக்காக ஓதி வந்திருக்கிறார்கள். அதன் ஐம்பது மகாமாக்களிலும் வருபவன் அபூஸைத் ஸரூஜீ; பள்ளிவாசலில் கண்ணீர் வரப் பயான் செய்து காசு திரட்டுவான், பின்பு அக்காசைக் கொண்டு கேளிக்கை செய்வான். கதையைக் கூறும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் ஒவ்வொரு முறையும் அவன் நாவன்மையில் மயங்கிப் பின்னரே விழிப்பான். ஏமாற்றுக்காரனை ஓதி நாம் ஏமாற்றுக்காரர்களாகிவிடவில்லை. நாவினிமை வேறு, நம்பகம் வேறு என்பதைத்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். அபூஸைத் ஐம்பதாவது மகாமாவில் பஸராவில் தவ்பா செய்கிறான். சான்பாக்கின் ராவிக்கு அந்த வாயில் திறக்கவில்லை. அவனுக்குக் கிடைப்பது கை கழுவிக்கொள்ளுமாறு ஒரு சொல் மட்டுமே.

இனி, அனிதா கொல்லப்பட்டாளா? படித்தவர்களில் பெரும்பாலோர் ஆம் என்றே உறுதியாகச் சொல்கிறார்கள். வீட்டாரின் பேச்சும், அவளிடமிருந்து செய்தி வராததும், கையின் இரத்தமும் சேர்ந்து அவர்களை அம்முடிவுக்குத் தள்ளுகின்றன. இங்கேதான் நாம் சற்றுத் தயங்குகிறோம். சூரா யூசுஃபை நினைத்துப் பார்க்கலாம். சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்தபோது யஃகூப் (அலை) அவர்கள் நம்பவில்லை. ஓநாய் கடித்ததாகச் சொல்லப்பட்ட சட்டையில் கிழிசலே இல்லை என்பதை அவர்கள் கவனித்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பல்லாண்டுகள் கழித்து அதே மைந்தர்கள் புன்யாமீனைப் பற்றித் தாங்கள் அறிந்ததை அறிந்தவாறே வந்து சொன்னபோதும் அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி முன்னர்க் கிடைத்ததேதான். ஒருமுறை நம்பகத்தை இழந்த நா, பின்னர் உண்மையைச் சொன்னாலும் அது உண்மையாக ஏற்கப்படுவதில்லை. இந்நாவலின் ராவிக்கும் அதே கதி. அவன் இறுதியில் நடுங்குவது குற்ற உணர்வாலா, வெறும் அச்சத்தாலா, நம் இரக்கத்தைப் பெறும் பொருட்டா என்பதை அவன் சொல்லைக் கொண்டே நாம் முடிவு செய்ய இயலாது.

முதல்லிஸின் அறிவிப்பைப் பற்றி நம் இமாம்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மற்றபடி நேர்மையுள்ள அவர் ‘நான் கேட்டேன்’ என்று ஐயமற்ற சொல்லால் அறிவித்தால் எடுத்துக்கொள்ளலாம்; மழுப்பலான சொல்லால் அறிவித்தால் நிறுத்திவைக்க வேண்டும். இவ்வாறு நிறுத்திவைப்பதற்குத் ‘தவக்குஃப்’ என்று பெயர். ஃபிக்ஹிலும் ஒன்றுண்டு: பிறர்மீது ஒருவன் சாட்டுவதற்குச் சான்று வேண்டும்; தனக்கெதிராகத் தானே ஒப்புக்கொள்ளும் ‘இக்ரார்’ அவனளவில் செல்லும், அவன் மஜ்ஹூலாக இருந்தாலும். அனிதாவின் முடிவைப் பற்றி இந்த ராவி எதையும் ஐயமறச் சொல்லவில்லை. ஒரு பேச்சு, ஒரு மௌனம், உடைந்த ஒரு தம்ளர், அவ்வளவே. ஆகவே அதில் நாம் தவக்குஃப் செய்கிறோம். பருப்புக் குழம்பு சிந்திய அந்த வாசலைப் பற்றி அப்படி நிறுத்திவைக்க வழியில்லை. அங்கே தான் இருந்ததாக அவனே சொல்கிறான், பார்த்ததாகவும் சொல்கிறான், வாய் திறக்கவில்லை என்பதையும் அவனே சொல்கிறான்.